பத்து வருஷ அரசு லேப்டாப்: லினக்ஸ் போடுவதா, எடைக்குப் போடுவதா?

(இணைய மன்ற இழை. ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்.)

தாய்ப்பலகை

விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குப் புது லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. ஐ3 அல்லது ரைசன் 3 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வாங்குகிற பிள்ளைகளுக்கு வாழ்த்து. ஆனால் 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய பழைய திட்டத்தில் கொடுத்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப் என்ன ஆச்சு? பாதி பரணில், மீதி காயலான் கடையில்.

என் வாதம் இதுதான்: அதில் நிறைய இன்னும் சாகவில்லை. "மெதுவா இருக்கு, செத்துப்போச்சு" என்று ஒதுக்கினவற்றில் பெரும்பாலும் மூன்று சாமான்தான் போயிருக்கும்.

முதலாவது ஹார்ட்டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடினால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். ப்ராசஸர் 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி, 2.5 அங்குல சாட்டா வகையில் 240 ஜிபி போட்டால் போதும். எஸ்எஸ்டி 7 மி.மீ. கனம்தான், பழைய லேப்டாப் குழி 9.5 மி.மீ. இருக்கும். கூட வருகிற பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டவில்லை என்றால் கனெக்டர் ஆடும், இரண்டு மாதத்தில் "டிஸ்க் கிடைக்கவில்லை" என்று வரும். பழியை எஸ்எஸ்டி மேல் போடுவார்கள்.

இரண்டாவது ராம், அதாவது ஓடுகிற வேலைக்கான நினைவகக் குச்சி. இங்கேதான் ஏமாறுவார்கள். டிடிஆர்3 வேறு, டிடிஆர்3எல் வேறு. முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35. 1.35 மட்டுமே ஏற்கிற போர்டில் 1.5 வோல்ட் குச்சியைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். கடைக்காரர் "மதர்போர்டு போச்சு" என்பார். குச்சியின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கிறதா, வெறும் பிசி3யா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது சிமாஸ் பேட்டரி, மதர்போர்டில் தேதியையும் நேரத்தையும் காக்கிறது. அந்த 3 வோல்ட் பொத்தான் சுமார் 2.7க்குக் கீழே இறங்கினால் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். அப்புறம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பிரவுசர் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று கத்தும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடிக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் சிஆர்2032 காசு பேட்டரிதான்.

இதெல்லாம் முடித்து விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22, அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராமில் நடக்கும். 2029 வரை அப்டேட் உண்டு.

கூட்டல்கழித்தல்

கேட்க அருமையாக இருக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது.

ராம் விலை 2025 கடைசியிலிருந்து எங்கே போய் நிற்கிறது தெரியுமா? ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி போய்விட்டதால் சில்லறையில் இரண்டு மடங்குக்கு மேல். மைக்ரான் 2025 டிசம்பரில் க்ரூஷியல் பெயரில் சில்லறை வியாபாரமே வேண்டாம் என்று அறிவித்தது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. எஸ்எஸ்டி, ராம், பேட்டரி, கூலி என்று நான்கும் போட்டு ஒரு டூயல் கோர் லேப்டாப்பை எழுப்பிவிடுகிறீர்கள். எழுந்த பிறகு என்ன செய்யும்? கடைசிச் சுற்றில் வந்தவற்றில் ஏ.எம்.டி. ஏ4 போட்டவை உண்டு. அதில் வீடியோ வகுப்பு ஒரு பக்கம், கூகுள் டாக்ஸ் ஒரு பக்கம் திறந்தால் எஸ்எஸ்டி இருந்தும் திணறும். அங்கே தடை ப்ராசஸர்.

அந்தச் செலவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப் ரீஃபர்பிஷ்டாக, அதாவது சரிசெய்து மறுவிற்பனையில், கிடைக்கும். விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அதுவும் மறுபயன்பாடுதானே? ஏழைப் பிள்ளைக்கு மட்டும் "பழசைத் தட்டி ஓட்டிக்கோ" என்று உபதேசம் எதற்கு?

லினக்ஸ் போட்ட பிறகு தெருமுனை பிரவுசிங் சென்டரில் நடக்கிறதைச் சொல்கிறேன். யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் அடித்த அரசு மனு திறக்காது, கோழி கிளறின மாதிரி தெரியும். கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் அசையாது. கணக்கு மென்பொருள் டேலி ஏறாது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் செருகினால் அன்றைய பொழுது போச்சு. இதற்கு மின்ட் 22 என்ன பதில் வைத்திருக்கிறது?

எஃப்12

நாலுல ரெண்டுக்குப் பதில் இருக்கு.

வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துரு: விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்து அந்த டிடிஎஃப் கோப்பை எடுத்து லினக்ஸ்ல இரட்டைக் கிளிக், இன்ஸ்டால். லினக்ஸ்ல வேர்டுக்குப் பதிலா இருக்கிற லிப்ரே ஆபீஸை மூடித் திறக்கணும். தெரியும். ஆனா அது படிக்கத்தான். திருத்தி அனுப்பணும்னா யூனிகோடுக்கு மாத்திட்டுச் செய்ங்க, கன்வர்ட்டர் நிறைய இருக்கு. மாத்தினதும் கொம்பு, கால் இடம் மாறியிருக்கான்னு "கொ, கோ, கௌ" மூணையும் மட்டும் தேடிப் பாருங்க, தப்பு பெரும்பாலும் அங்கதான்.

எல்பிபி 2900: அந்த பிரிண்டருக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியா மாத்துற வேலையைக் கம்ப்யூட்டரே செஞ்சு கேப்ட்ங்கிற கேனனோட தனி மொழியில அனுப்பணும். கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழசு, 32 பிட் லைப்ரரிங்கிற பழைய துணை நிரல்களைக் கேக்கும். அது இல்லைன்னா எர்ரரே காட்டாம வேலை வரிசையில நிக்கும். டிரைவர் ஏறினாலும் பின்னணியில ஓடுற சேவை பிரிண்டரை அணைச்சுப் போட்டா தொலைஞ்சுபோகும், திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். வீட்டுக்கு ஓகே. நாளைக்கு 300 பக்கம் அடிக்கிற கடைக்கு வேணாம்.

டேலிக்கு விண்டோஸ்தான். டோங்கிளுக்கும் விண்டோஸ்தான் தலைவலி இல்லாதது. வீண் வாதம் வேணாம்.

கூட்டல்கழித்தல்

நேர்மைக்கு நன்றி. வானவில் விஷயத்தில் குற்றம் லினக்ஸ் மேல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2010லேயே ஒருங்குறியும் (யூனிகோடு) டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையும்தான் அரசுத் தரம் என்று அரசாணை போட்டாயிற்று. பதினைந்து வருஷம் கழித்தும் வானவில்லில்தான் சுற்றறிக்கை வருகிறது.

தாய்ப்பலகை

ரீஃபர்பிஷ்டு யோசனைக்கு நான் எதிரி இல்லை. வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் இரண்டு சோதனை செய்யட்டும். ஒன்று, விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லி இணையத்தில் இணைத்துப் பாருங்கள். "உங்கள் நிறுவனக் கணக்கில் உள்நுழையவும்" என்று ஏதோ கம்பெனிப் பெயரோடு திரை வந்தால் ஓடி வந்துவிடுங்கள். அந்த மெஷின் இன்னும் பழைய கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது, எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் அதே திரை வரும். இரண்டு, எஃப்2 அழுத்தி பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை, உள்ளே போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அதுவும் வேண்டாம். புதிய மாடல்களில் அது சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போகிற பூட்டு கிடையாது.

"விண்டோஸ் 11 ஏறாது" என்கிறதிலும் பாதி பொய் இருக்கிறது. 2018க்குப் பிறகு வாங்கிய நிறைய மெஷின்களில் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். இன்டெல் என்றால் பிடிடி, ஏ.எம்.டி. என்றால் எஃப்டிபிஎம் என்று இருக்கும், போட்டுவிடுங்கள். டிஸ்க்கைப் பிரித்திருப்பது பழைய எம்பிஆர் முறையில் என்றால், விண்டோஸ் 11 கேட்கிற இன்னொரு வசதியான செக்யூர் பூட் வராது. அதைப் புது ஜிபிடி முறைக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் வேலிடேட், அது சரி என்றால்தான் கன்வர்ட். நாலு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் மறுக்கும், ஒன்றைக் குறைக்க வேண்டும். மாற்றி முடித்ததும் பயாஸில் பூட் முறையைப் பழைய லெகசியிலிருந்து புது யூஈஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் பூட் ஆகாது. டேட்டா எங்கேயும் போயிருக்காது, பதறி ஃபார்மேட் அடிக்காதீர்கள்.

விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாத ஏழாம் தலைமுறையோ அதற்கும் கீழேயோ வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 10லேயே கொஞ்ச நாள் ஓட்டலாம். 22எச்2 பதிப்பு இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புக்கான இணைப்பு வரும். 30 டாலர், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசில்லை. 2026 அக்டோபர் 13 வரை தாங்கும்.

செம்புக்கம்பி

எல்லாரும் ரிப்பேரைப் பத்தியே பேசுறீங்க. எடைக்குப் போட்டா என்ன ஆகுதுன்னு யாராவது சொல்லணும்ல.

லேப்டாப் வந்ததும் முதல்ல ராம், டிஸ்க், டிஸ்ப்ளே, கீபோர்டு, அடாப்டர் தனியா போயிடும். ஓடுற உதிரிக்கு எடைக் கணக்கு கிடையாது, பீஸ் கணக்கு. அந்த வேலையைச் செய்யிறது காயலான் கடைக்காரரும் சென்னை ரிச்சி தெருல ரிப்பேர் பண்றவங்களும்தான். மாடல் நிறுத்தி எட்டு வருஷம் ஆன லேப்டாப்புக்கு ஹிஞ்சு வேணும்னா எந்த சர்வீஸ் சென்டர்ல கிடைக்கும்? செத்த லேப்டாப்புல இருந்துதான் வரணும்.

மிச்சம் இருக்கிற போர்டு தரம் பிரிப்பாங்க. மதர்போர்டு பச்சைப் போர்டுல உசத்தி. தங்க முலாம் பூசின விளிம்பு முனை இருக்கிற ராம், கார்டு அதுக்கும் மேல. பவர் சப்ளை, டிவி போர்டுன்னு பழுப்பு நிறத்துல வர்றது மட்டம், அதுல தங்கம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஹீட் சிங்க் அலுமினியமும் டிரான்ஸ்பார்மர் செம்பும்தான். மொத்தமா வடக்க போகுது. தில்லி சீலம்பூரு, மொராதாபாத்.

இந்தியாவுல இந்த வேலையில பெரும்பங்கைச் செய்யிறவங்களை "முறைசாரா"ன்னு ஒரே வார்த்தையில திருடன் மாதிரி எழுதுறாங்க. அது எனக்கு ஒப்பல.

விதி22

செம்புக்கம்பி அவர்களுக்கு மறுப்பு. திருடர் என்று யாரும் சொல்லவில்லை. பிரிப்பது வரை அவர்கள் கைத்திறனுக்கு ஈடில்லை. சிக்கல் மொராதாபாத்தில் தொடங்குகிறது.

போர்டை அடுப்பில் காட்டி ஈயப்பற்றை இளக்கி சிப்புகளைத் தட்டி எடுக்கிறார்கள். பழைய வெள்ளீய ஈயப்பற்று 183 டிகிரியில் உருகும். அந்தப் புகையை உட்கார்ந்திருப்பவர்தான் மூச்சாக இழுக்கிறார். முலாம் பூசின பகுதி அமிலத் தொட்டிக்குப் போகும், தங்கம் இறங்கியதும் மிச்ச அமிலம் சாக்கடைக்கு. பிவிசி உறை போட்ட கம்பியைக் கொளுத்தினால் டயாக்சின் என்ற நச்சு. இத்தனை பாழ்பண்ணியும் கிடைப்பது பெரும்பாலும் தங்கமும் செம்பும்தான். கெப்பாசிட்டரில் இருக்கும் பல்லேடியம், டான்டலம் மாதிரி உலோகங்கள் பெரும்பாலும் வீண். பெல்ஜியத்தின் ஹோபோகனில் யூமிகோர் உருக்காலை இதே போர்டிலிருந்தும் மற்ற கழிவிலிருந்தும் 17 உலோகங்களை மீட்கிறது.

2022 நவம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. தயாரிப்பாளர் தான் விற்ற அளவில் இவ்வளவு சதவீதம் மறுசுழற்சியானதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். 2023-24, 2024-25ல் 60, அடுத்த இரண்டு ஆண்டு 70, 2027-28 முதல் 80. பழைய விதியில் 21 வகைப் பொருள், இப்போது 106.

உங்கள் லேப்டாப்பை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவான மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

செம்புக்கம்பி

"அவ்வளவுதான்"ங்கிறீங்க. திருவண்ணாமலை பக்கம் ஒரு ஊர்ல இருக்கிறவர் ஒரே ஒரு லேப்டாப்பை எங்க கொண்டுபோய்க் கொடுப்பாரு? பதிவான ஆலை சிப்காட்ல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும். பஸ் காசே லேப்டாப் எடைக் காசைவிட ஜாஸ்தி. 2016 விதியில கலெக்‌ஷன் சென்டர், பிரிக்கிறவங்க, டீலர் எல்லாருக்கும் இடம் இருந்துச்சு. 2022ல நாலு பேர்தான்: உற்பத்தி பண்றவர், பிராண்டுக்காரர், ரீஃபர்பிஷ் பண்றவர், மறுசுழற்சி பண்றவர். வீடு வீடா வர்ற ஆளை விதியில இருந்தே எடுத்துட்டு அவர்கிட்ட கொடுக்காதீங்கன்னா எப்படி?

இன்னொண்ணு. 2022 ஜூலையில மின்கழிவுக்கு ஜிஎஸ்டியை 5ல இருந்து 18க்கு ஏத்துனாங்க. பில்லு போட்டு வாங்குறவன் 18 கட்டணும், பில்லு இல்லாம வாங்குறவன் அந்தக் காசுல பாதியை வீட்டுக்காரருக்குக் கூடக் கொடுத்து எடுத்துட்டுப் போயிடுவான். சரக்கு எங்க போகும்?

சான்றிதழ் கதையும் கேளுங்க. அது நாலு உலோகத்துக்குத்தான்: தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. பிளாஸ்டிக் இல்ல, கண்ணாடி இல்ல. அதனால என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா கலர் டிவி கதைதான் பாக்கணும்.

எஃப்12

2006 டிவியா?

செம்புக்கம்பி

அதேதான். அரசு இலவசமா கொடுத்த 14 இன்ச் பெட்டி டிவி, சுமார் 1.6 கோடி வீட்டுக்கு. ஒண்ணு 10 கிலோன்னு தோராயமா வெச்சாலும் 1.6 லட்சம் டன். அதுல பாதிக்கு மேல படக்குழாய்க் கண்ணாடி. குழாயோட கூம்புப் பகுதியில எக்ஸ்ரே கசியாம இருக்க ஈய ஆக்சைடு கலந்திருப்பாங்க, அந்தக் கண்ணாடியில கிட்டத்தட்ட கால் பங்கு.

டிவி எடைக்கு வந்தா எல்லாரும் தேடுறது கழுத்துல சுத்தியிருக்கிற செம்புச் சுருள், குழாயைச் சுத்தி ஓடுற இன்னொரு சுருள், ஸ்பீக்கர் காந்தம், போர்டு. சுருளை உருவ கழுத்தை உடைப்பாங்க. உள்ள வெற்றிடம், உடைக்கத் தெரியாம உடைச்சா கண்ணாடி உள்வாங்கி வெடிச்சுத் தெறிக்கும். அணைச்சு ரொம்ப நேரமான டிவியிலயும் குழாய்ல ஒட்டியிருக்கிற ஆனோடு ரப்பர் தொப்பிக்கு அடியில கரன்ட் தங்கியிருக்கும், ஓடும்போது அங்க 20,000 வோல்ட்டுக்கு மேல. இத்தனையும் செஞ்சு சுருளை எடுத்தப்புறம் குழாயை யாரு எடுக்கிறது? கிலோவுக்கு ஒரு ரூபா கூடப் பெறாது. சான்றிதழும் இல்ல. ஏரிக்கரை, குப்பைமேடு. பதிவான ஆலையா இருந்தாலும் ஈயக் கண்ணாடியை ஒழுங்கா அடக்குறது செலவு மட்டும்தான், வரவு சுழியம்.

கூட்டல்கழித்தல்

ஆக டிவி கொடுத்தது தப்பு, மிக்ஸி கொடுத்தது தப்பு, லேப்டாப் கொடுத்தது தப்பு. இலவசம் என்றாலே குப்பை. கடைசியில் அங்கேதான் வந்து நிற்பீர்கள் என்று தெரியும்.

செம்புக்கம்பி

நான் அப்படிச் சொன்னேனா? பணக்காரன் வாங்குன டிவியிலயும் அதே ஈயம்தான்.

கரைவேட்டி

ரெண்டு கட்சியும் ஒண்ணுதான் சாமி. ஒருத்தர் டிவி, ஒருத்தர் மிக்ஸி கிரைண்டர் ஃபேன். ஓட்டு வாங்கினதோட அவங்க வேலை முடிஞ்சுது. சுப்ரமணியம் பாலாஜி வழக்குல 2013 ஜூலையில உச்ச நீதிமன்றமே தேர்தல் அறிக்கையில வாக்குறுதி கொடுக்கிறது தேர்தல் சட்டப்படி ஊழல் செயல் ஆகாது, தேர்தல் ஆணையம் வழிகாட்டுதல் போடட்டும்னு விட்டுட்டாங்க. அந்த வழக்குக்கு ஆரம்பமே இந்தக் கலர் டிவிதான்.

கூட்டல்கழித்தல்

லேப்டாப்பையும் டிவியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பிளஸ் டூ பிள்ளை கையில் முதல்முதலாகக் கணினி வந்தது 2011க்குப் பிறகு. 2020க்குப் பிறகு திட்டம் நின்றபோது அந்த வயதுப் பிள்ளைகள் ஐந்து அங்குலத் திரையில் அசைன்மென்ட் அடித்தார்கள். கொடுத்தது சரி. திரும்ப வாங்க வழி வைக்காததுதான் பிழை. அது எந்தக் கட்சிக்கும் பொது.

நெறியாளர்

கட்சிப் பெயர் வைத்துத் திட்டிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இலவசமா நலத்திட்டமா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பொருளைப் பற்றி மட்டும்.

விதி22

கூட்டல்கழித்தல் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். 2022 விதியில் பயன்படாத ஒரு கதவு இருக்கிறது. ரீஃபர்பிஷ் செய்து பொருளின் ஆயுளை நீட்டினால் தயாரிப்பாளர் அந்தச் சான்றிதழை வாங்கித் தன் கடமையைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போன அளவில் பிறகு 75 சதவீதத்தைக் கணக்குக் காட்டினால் போதும். அதாவது பழுதுபார்ப்புக்குச் சட்டமே கால் பங்கு சலுகை கொடுக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு ஐடிஐயையோ பாலிடெக்னிக்கையோ ரீஃபர்பிஷராகப் பதிவுசெய்து பழைய லேப்டாப்பை அங்கே கொண்டுவரச் சொல்லலாம். தாய்ப்பலகைக்கு ரிப்பேர், எனக்குக் கணக்கு, செம்புக்கம்பிக்கு உதிரி.

விலை விஷயத்திலும் ஒரு நகர்வு உண்டு. 2024ல் மத்திய அரசு மறுசுழற்சியாளருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையை வீட்டு மின்னணுப் பொருளுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று கட்டியது. பெரிய ஏசி, டிவி கம்பெனிகள் அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போயின. எதிர்ப்பைப் பார்த்தாலே முன்பு எவ்வளவு மலிவாக முடித்திருந்தார்கள் என்று புரியும்.

செம்புக்கம்பி

22 ரூபா ஆலைக்குப் போகும். அதுல ஒரு ரூபாயாவது தள்ளுவண்டிக்கு இறங்குமா? இறங்கினா நானும் கையெழுத்துப் போடுறேன். காகிதச் சான்றிதழை நம்பி நான் ஏமாற மாட்டேன். பிளாஸ்டிக்குல இதே முறைதான், 2023ல வாரியமே ஆறு லட்சம் போலிச் சான்றிதழைப் பிடிச்சாங்க.

தாய்ப்பலகை

ஐடிஐ யோசனை உருப்படியானது. ஆனால் கதவு திறப்பதற்கு முன் டெண்டரில் எழுத வேண்டியது இருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அடுத்த கொள்முதலில் நான் கேட்பது:

ராம் குறைந்தது ஒரு ஸ்லாட்டிலாவது கழற்றிப் போடும்படி. போர்டில் பற்றவைத்த 8 ஜிபி இன்று போதும், 2031ல் அதுவே சாவுக்குக் காரணம். பேட்டரியை நட்சத்திர ஸ்க்ரூ, பசை எதுவும் இல்லாமல் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ ட்ரைவரில் கழற்ற வேண்டும். வாங்கியவரே பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது, அதே கம்பெனிகள்தான் அங்கேயும் விற்கின்றன. அந்த மாடல் நின்ற பிறகு ஐந்து வருஷம் பேட்டரி, ஹிஞ்சு, சார்ஜிங் ஜாக் மூன்றும் விலைப்பட்டியலோடு கிடைக்க வேண்டும். பத்து லட்சம் பீஸ் வாங்குகிறவர் கேட்டால் எந்த கம்பெனியும் மறுக்காது. நம் பேரம் பேசும் பலம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது, அதைத் திரையின் மேல் யார் படம் வருவது என்பதில் செலவழிக்கிறோம்.

கூட்டல்கழித்தல்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைச் சேர்த்து: மாணவருக்கு, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை. விண்டோஸ் 11ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. நாளைக்கு மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் டிபிஎம்மைத் துடைத்தாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தக் கணக்கை உருவாக்கியது யார்? கொடுத்த அன்று கல்லூரி லேபில் யாரோ ஒருவர், ஏதோ ஒரு ஈமெயிலில். சாவி அங்கே இருக்கும், புராஜெக்ட் ரிப்போர்ட் இங்கே போயிருக்கும். முதல் நாளே சாவியை எடுத்து நோட்டில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

லினக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நான் எதிர்த்தது தனி ஆளின் தலையில் கட்டுவதை. கேரளத்தில் அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் பள்ளிகள் முழுக்க லினக்ஸ் வைத்திருக்கிறது, அங்கே பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பிரிண்டர் எல்லாம் அதற்கேற்றபடி. நம் அரசு மின்னணு நிறுவனமான எல்காட்டும் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் காலத்தில், 2007 வாக்கில், சூசே லினக்ஸ் பக்கம் போனது. அதிகாரி மாறியதும் அந்த வேகம் போயிற்று.

தாய்ப்பலகை

சரி, தனி ஆளின் தலையில் கட்டுவது என்ற குறைக்கு என்னிடம் பதில் இல்லை. ஏ4 மெஷினை ஒரே ஆளின் முழுநேரக் கணினியாகக் கருதினேன், அது பிழை. ஊர் நூலகத்திலோ டியூஷனிலோ தட்டச்சுப் பயிற்சிக்கும் டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள் பார்க்கவும் வைத்தால் அதற்கு அது தாராளம். ப்ராசஸரில் அல்ல, ஹார்ட்டிஸ்க்கில் சாகிற லேப்டாப்பை எடைக்குப் போடக்கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

எஃப்12

யார் எங்க கொடுத்தாலும் முதல்ல டிஸ்க்கைத் துடைங்க சாமிகளா. பழைய டிஸ்க்குகள்ல ஆதார் காப்பி, பேங்க் பாஸ்புக் போட்டோ, யாரோட டிசியோ அப்படியே இருக்கும். ஃபார்மேட் அடிச்சா அட்டவணை மட்டும் போகும், கோப்பு திரும்ப வரும்.

சுத்துற ஹார்ட்டிஸ்க்: விண்டோஸ் ரீசெட்ல "டிரைவைச் சுத்தம் செய்"ங்கிற தேர்வைப் போடுங்க. தனி டிஸ்க்னா விண்டோஸோட டிஸ்க்பார்ட் கருவியில "கிளீன் ஆல்" கட்டளை. எல்லா இடத்துலயும் சுழியம் எழுதும். ஒரு தடவை போதும், ஏழு தடவைங்கிறது பழைய காலத்துப் பயம். 500 ஜிபிக்கு ஒண்ணரை மணிநேரம் ஆகும். டிஸ்க் எண்ணை ரெண்டு தடவை பாருங்க. தப்பான டிஸ்க்குல என்டர் தட்டினா அழுகை மட்டும்தான்.

எஸ்எஸ்டி: மேல சுழியம் எழுதுறது பத்தாது. தேய்மானத்தைச் சமமாக்க அது எழுதுற இடத்தை மாத்திக்கிட்டே இருக்கும், பழைய பக்கம் ஒளிஞ்சு கிடக்கும். பயாஸ்ல செக்யூர் எரேஸ் இருந்தா அதைப் போடுங்க, ரெண்டு நிமிஷம். லினக்ஸ்ல செய்யும்போது டிஸ்க் "ஃப்ரோசன்"னு, அதாவது அழிக்க விடாம பூட்டியிருக்குன்னு, சொல்லும். லேப்டாப்பை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பினா விட்டுடும்.

டிரில் போடுறவங்களுக்கு: லேப்டாப் ஹார்ட்டிஸ்க் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. கண்ணுல கண்ணாடி போட்டுக்கிட்டுச் செய்ங்க.

புதுப்பயணி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். பரணில் இருந்து எடுத்த லேப்டாப்பில் ட்ராக்பேட் மேலே தூக்கி நிற்கிறது, கிளிக் ஆகவில்லை. அதை அழுத்தி உட்கார வைக்கலாமா? பிறகு எஸ்எஸ்டி போட எண்ணம்.

தாய்ப்பலகை

அழுத்தவே அழுத்தாதீங்க. அடியில் பேட்டரி உப்பியிருக்கு. சார்ஜரைப் பிடுங்குங்க, ஆன் பண்ண வேண்டாம். அடிப்பலகை ஸ்க்ரூவைக் கழற்றி பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் முனையால் மட்டும் நெம்புங்க. பை உடைந்து இனிப்பான நெயில் பாலிஷ் வாசனை வந்தால் வெளியே கொண்டுபோயிடுங்க. கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப், பிறகு காய்ந்த மணல் போட்ட தகர டின்னில். மூடியை இறுக்க வேண்டாம்.

செம்புக்கம்பி

தம்பி, அதைச் சாதாரணக் குப்பையில போட்டுடாதீங்க. லாரியில அமுக்கும்போதுதான் தீப்பிடிக்கிறது. காயலான் கடையில கொடுக்கிறதா இருந்தா "உப்பின பேட்டரி"ன்னு வாயால சொல்லிக் கொடுங்க. சொல்லாம மூட்டைக்குள்ள போட்டா இன்னொருத்தர் குடோன் எரியும்.

விதி22

பேட்டரிக்குத் தனி விதி, 2022 ஆகஸ்டில் வந்தது. அதன்படி தயாரிப்பாளர் திரும்பப் பெற வேண்டும். முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதுப்பயணி

கழற்றிவிட்டேன். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடுமா?

தாய்ப்பலகை

ஓடும். சில மாடல் பேட்டரி இல்லை என்றால் ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சிடும், அதைப் பார்த்து எஸ்எஸ்டியைக் குறை சொல்லாதீங்க. புதுப் பேட்டரி தேடும்போது லேபிளில் வோல்ட் 7.6ஆ 11.4ஆ என்று பார்த்து இங்கே போடுங்க. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. கனெக்டர் முனை எத்தனை என்றும் எண்ணிச் சொல்லுங்க.